நேரில் கண்டு செதுக்கியது

நெய்வேலி சுரங்கக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஜெரால்டுக்கு உழைப்பாளிகளை மிகவும் பிடிக்கும். அவர்கள் அசையாமல் நின்றால் இன்னும் பிடிக்கும்.

அன்று சுரங்கத்துக்குள் கன்வேயர் பெல்ட் நின்றிருந்தது. எங்கேயோ ஒரு ரோலர் மாற்றுகிறார்கள் என்று மதியம்வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். பெல்ட்டிலிருந்து சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வழித்தெடுக்க அதுதான் நேரம். காண்ட்ராக்ட் தொழிலாளி தெய்வசிகாமணி பெல்ட்டுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, குனிந்த வாக்கில் ஷவலால் வாரிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு வார ஓவியப் போட்டிக்குப் படம் வேண்டும் என்று அனுமதி வாங்கி உள்ளே வந்திருந்த ஜெரால்டு, ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து அவரை வரைந்துகொண்டிருந்தான்.

"தெய்வம், அப்படியே இருங்க. நிமிராதீங்க."

"இடுப்பு போவுது சார்."

"அந்த வலிதான் வேணும். அது முகத்துல நல்லா தெரியுது. ஒண்ணு பண்ணுங்க, ஹெல்மெட்டைக் கழட்டுங்க. நெத்தி மறையுது."

தெய்வசிகாமணி ஷவலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "ஹெல்மெட்டையா? சூப்பர்வைசர் பாத்தா கத்துவாரு சார்."

"நான் பெர்மனென்ட்யா. நான் சொல்றேன்ல."

நெய்வேலியில் இந்தச் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. தெய்வசிகாமணி ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடிக் கம்பியில் மாட்டினார்.

"தோள்ல இருக்கற துண்டைத் தலைல கட்டுங்க. உழைப்பாளின்னா துண்டு வேணும்."

"சுரங்கத்துல யாரு சார் துண்டு கட்டறது? நான் என்ன நாத்து நடவா வந்திருக்கறேன்?"

"படத்துக்குய்யா."

கட்டினார். தெய்வசிகாமணி குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். அதில் ஒற்றை முடி. ஷேவ் செய்யும்போது அதை மட்டும் விட்டுவிடுவார், வெட்டினால் வேலைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜெரால்டு அந்த மச்சத்தையும் முடியையும் விடாமல் வரைந்தான். வரைந்து முடித்ததும் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான். சுரங்கத்தில் அவன் செய்த உடல் உழைப்பு அது ஒன்றுதான்.

ஜெரால்டு செய்வது லினோ அச்சு. கனமான லினோலியம் தகட்டில் படத்தை உளியால் செதுக்கி, மை தடவி, அதன்மேல் காகிதம் வைத்துத் தேய்த்து எடுப்பது. செதுக்காத இடம் கறுப்பு, செதுக்கிய இடம் வெள்ளை. தகட்டில் இடப்பக்கம் இருப்பது காகிதத்தில் வலப்பக்கம் வரும். விவரமானவர்கள் முதலில் மெல்லிய தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப்போட்டுத் தகட்டில் பிரதி எடுத்த பிறகுதான் உளியைத் தொடுவார்கள். அப்போது அச்சில் எல்லாம் நேராக வந்துவிடும். ஜெரால்டு அந்த வேலையைச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, பார்த்துவைத்த படத்தை அப்படியே தகட்டில் வரைந்து செதுக்க ஆரம்பித்துவிட்டான்.

பெல்ட் நின்றிருந்ததைப் போட்டால் படத்தில் உயிர் இருக்காது என்று தோன்றியது. அதனால் ரோலர்களைச் சுற்றி நீளநீளமாகக் கோடு இழுத்தான். இப்போது பெல்ட் பறந்தது. அதற்கடியில் ஹெல்மெட் இல்லாத ஒரு தலை.

கடைசியாகக் கீழ் மூலையில் தன் பெயரைச் செதுக்கினான். அதற்கு மட்டும் மெல்லிய தாள் எடுத்தான். பெயரை எழுதி, திருப்பிப் போட்டு, எழுத்து எழுத்தாகப் பிரதி எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு செதுக்கினான். அடுத்தவன் முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பரவாயில்லை, தன் பெயர் நேராக வந்தாக வேண்டும்.

அச்செடுப்பது அவன் மனைவி வினோலியாவின் வேலை. வீட்டில் அழுத்தும் இயந்திரம் எதுவும் இல்லை. ரோலரால் மை தடவி, காகிதத்தைப் பதித்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்க்க வேண்டும். ஒரு படம் தேய்த்து முடிப்பதற்குள் அடுப்பில் ஒரு பானைச் சோறு வெந்துவிடும். வினோலியாவுக்கு இது தெரியும், ஏனென்றால் இரண்டையும் அவள் ஒரே நேரத்தில்தான் செய்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுடைய வலது தோள்பட்டை இடதைவிடக் கொஞ்சம் இறங்கிவிட்டது.

தேய்த்து முடித்ததும் ஜெரால்டு வருவான். காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தெடுப்பான். அதை வேறு யாரும் தொடக்கூடாது. "அந்தக் கடைசி உரிப்பு கலைஞனோடது" என்பான்.

அன்றும் உரித்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

வினோலியா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இது நம்ம தெய்வசிகாமணிதானே? போன மாசம் பலா மரத்துல ஏறி காய் இறக்கிக் குடுத்தாரே."

"அவனேதான்."

"மச்சம் இடம் மாறிடுச்சே. அவருக்கு இடது கன்னம். இதுல வலதுல இருக்கு. ஷவலையும் இடதுகைக்காரர் மாதிரி பிடிச்சிருக்கார்."

"அச்சுல அப்படித்தான் வரும்."

"உங்க பேரு மட்டும் சரியா வந்திருக்கு?"

ஜெரால்டு படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். "பாக்கறவன் மச்சத்தையா பாப்பான்? உழைப்பைப் பாப்பான்."

"நான் உழைச்சதையுமா?"

"சோறு தீயற வாசனை வருது பாரு" என்றான் கலைஞன்.

பாதுகாப்பு வார விழா கம்யூனிட்டி ஹாலில் நடந்தது. சுவர் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிரேயானில் வரைந்த ஹெல்மெட்டுகள். 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்தது. அவற்றுக்கு நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஹெல்மெட் இல்லாமல் ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார் தெய்வசிகாமணி. பக்கத்தில் ஓர் அட்டை: 'உழைப்பின் உச்சம். லினோ அச்சு. நேரில் கண்டு செதுக்கியது. ஜெரால்டு.'

பரிசைத் தீர்மானிக்கச் சென்னையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள். அவருக்கு வேர்வை என்றால் சென்னை வெயிலில் வருவதுதான். படத்தின் முன்னால் கண்ணை மூடி நின்றார். "இந்தக் கோடுகளில் வேர்வை இருக்கிறது, நிலக்கரியின் மணம் வருகிறது" என்றார். வினோலியா கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். அது மையோடு கலந்த மண்ணெண்ணெய் வாசனை. அவளுடைய நகக்கண்ணில் இன்னும் இருந்தது.

முதல் பரிசு, சோறு சூடு ஆறாமல் வைக்கும் ஒரு ஹாட் பேக். ஜெரால்டு அதைப் பிறந்த குழந்தையைப் போல வாங்கிக்கொண்டான்.

மறுநாள் வெளியூரிலிருந்து சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் விழாவுக்கு வந்தார். பிள்ளைகளின் ஹெல்மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பாராட்டிக்கொண்டே வந்தவர் இந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியை மாற்றினார். அட்டையைப் படித்தார். பிறகு தன்னுடன் வந்த பாதுகாப்பு அதிகாரி பரமசிவத்திடம் மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"நேரில் கண்டது என்று போட்டிருக்கிறதே. இது எந்த பெல்ட்?"

ஏசி ஹாலில் பரமசிவத்துக்கு வேர்த்தது. படத்தில் வேர்வை இருக்கிறது என்று பெரியவர் சொன்னது அப்போதுதான் உண்மையானது.

இரண்டு நாள் கழித்து சாமியம்மாள் வந்தாள். தெய்வசிகாமணியின் மனைவி. வாரத்தில் பாதி நாள் கீரைக்கட்டும் காய்களும் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து டவுன்ஷிப்பில் இந்த பிளாக்குக்கு விற்க வருகிறவள்தான். அன்று கூடை இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா சாமியம்மா. ஏன் அங்கயே நிக்கற?" என்றாள் வினோலியா.

"அவரு பாஸைப் பிடுங்கி வச்சிகினாங்கக்கா" என்றாள் சாமியம்மாள். "கேட்டுல உள்ள வுடல. ஏதோ படமாம். அதுல இவரு ஓடற பெல்ட்டுக்கு அடியில பூந்துகினு இருக்கறாராம். ஹெல்மெட்டும் இல்லையாம். வெசாரணை வச்சிருக்கறாங்க."

வினோலியா அவளை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தாள்.

"பாஸு போயிட்டா காண்ட்ராக்ட் போயிடும். சீனியாரிட்டில அவரு பேரு மேல வந்துகினே இருக்குது. சீக்கிரமா பெர்மனென்ட் ஆயிடும்னு ஊரே சொல்லிகினு இருந்துச்சு. இப்ப அந்த வரிசையில இருந்தே தூக்கிட்டா, மறுபடி கடைசில போய் நிக்கற வயசாக்கா அவருக்கு?"

"அவங்க என்ன சொல்றாங்க?"

"சூப்பர்வைசரு ராயப்பன் சாரே சொல்லிட்டாரு. உங்க வூட்டு சாரு வந்து, இது கற்பனைதான், நானா வரைஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிச்சாம். இங்க இருக்கற சேப்டி ஆபீசருக்கும் அதான் வேணுமாம். யாருக்கும் இதைப் பெருசு பண்ண ஆசை இல்லக்கா."

உள்ளறையில் ஜெரால்டு சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பப்போகும் படங்களுக்குக் கீழே பென்சிலால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அத்தனையும் கேட்டது. வெளியே வரவில்லை.

சாமியம்மாள் போனதும் வினோலியா உள்ளே போனாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கலைஞன்றவன் ஒரு சாட்சி, வினோ. சாட்சி மாத்திப் பேசலாமா?"

"எதுக்கு சாட்சி? பெல்ட் நின்னுட்டு இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நின்ன பெல்ட்டைப் போட்டா படம் செத்துடும்."

"அப்போ அது கற்பனைதானே?"

"அது கற்பனை இல்ல. அது..." ஜெரால்டு கையை அசைத்து ஏதோ தேடினான். "அது உண்மையைவிடப் பெரிய உண்மை."

"ஹெல்மெட்டைக் கழட்டச் சொன்னது யாரு?"

"கம்போசிஷனுக்காக."

"துண்டு?"

"அதுவும் கம்போசிஷன்தான்."

"அந்தாளோட பொழப்பு உங்க கம்போசிஷன்ல எங்க வருது?"

ஜெரால்டு பென்சிலை வைத்துவிட்டுப் பெரிய மனிதர்கள் பெருமூச்சு விடுவது போல விட்டான். "உனக்குப் புரியாது. நேரில் கண்டதுன்னு அட்டை எழுதி வச்சிட்டு, இப்போ கற்பனைன்னா என் பேரு என்ன ஆகறது? சென்னையில கேட்டா சிரிப்பாங்க."

வினோலியா மேசையின் மேல் இருந்த கரண்டியை எடுத்தாள். பின்பக்கம் மை ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது. "சரி. கற்பனைன்னு சொல்லலைன்னா, மிச்சம் இருக்கற படத்தை நீங்களே தேய்ச்சிக்கோங்க. நான் இனிமே இந்தக் கரண்டியை ரசத்துக்கு மட்டும்தான் தொடுவேன்."

ஜெரால்டுக்கு முதல்முறையாகத் தொழிலாளியின் பலம் என்னவென்று புரிந்தது. கண்காட்சிக்கு இன்னும் பாதிப் படங்கள் தேய்க்க வேண்டியிருந்தது. "சொல்றேன்" என்றான்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"கற்பனைன்னு."

"சத்தமா."

"கற்பனை" என்றான் ஜெரால்டு, கசப்பு மருந்தை முழுங்கியவன் மாதிரி.

விசாரணை பரமசிவத்தின் அறையில் நடந்தது. மேசைமேல் கண்ணாடிச் சட்டத்தோடு படம் மல்லாந்து கிடந்தது. பரமசிவம் நல்ல மனிதர், ஓய்வுபெற நெருங்கிக்கொண்டிருந்தவர். இந்தக் கோப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் இல்லை. ஒரு பக்கம் ராயப்பன். சுவரோரம் தெய்வசிகாமணி, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"மிஸ்டர் ஜெரால்டு, நேராவே கேக்கறேன்" என்றார் பரமசிவம். பதிலை அவரே கையில் கொடுக்கிற மாதிரி கேட்டார். "நீங்க ஒரு ஆர்ட்டிஸ்ட். இது உங்க கற்பனைதானே?"

ஜெரால்டு தெய்வசிகாமணியைப் பார்த்தான். தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றான் ஜெரால்டு. "கற்பனை."

அறையில் இருந்த எல்லோருடைய தோள்களும் ஒரே சமயத்தில் இறங்கின. ராயப்பன் வாய்விட்டே மூச்சு விட்டார். பரமசிவம் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, எல்லாம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில், பேச்சுக்கொடுத்தார்.

"நான் அப்பவே நெனைச்சேன். இந்தாளுக்கு மச்சம் இடது கன்னத்துல. படத்துல வலது பக்கம் இருக்கு. ஷவலைப் பாருங்க, இடது கையில பிடிச்சிருக்கான். சுரங்கத்துக்குள்ள போய்ப் பார்த்து வரைஞ்சவர் யாராவது இப்படித் தப்பா வரைவாங்களா?"

"என் பையன் மூணாங்கிளாஸ் படிக்கிறான் சார்" என்று ராயப்பன் சேர்ந்துகொண்டார். "அவன்கூட வலது கை எது, இடது கை எதுன்னு பார்த்துதான் போடுவான்."

"இதுக்குப் போய் முதல் பரிசு" என்று பரமசிவம் சிரித்தார். "சரி சார். நீங்க கிளம்பலாம்."

ஜெரால்டு எழுந்தான். கதவுவரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். அங்கிருந்து வெளியே ஒரே ஒரு அடி. அந்த அடியை எடுத்து வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

திரும்பினான்.

"தப்பா வரையல சார்."

"என்னது?"

"அச்சுல இடது வலதாத்தான் வரும். அதுதான் இந்தக் கலையோட இலக்கணம். தெரியாதவங்க தப்புன்னு நெனைப்பாங்க." ராயப்பனைப் பார்த்து அழுத்திச் சொன்னான். "தகட்டைப் பார்த்தீங்கன்னா மச்சம் சரியா இடது கன்னத்துல இருக்கும். முடிகூட இருக்கும். நான் எதிர்ல உக்காந்து கோடு கோடா பார்த்துப் போட்டது."

பரமசிவம் எழுதுவதை நிறுத்தினார். அவருடைய முகத்தில் கோபம்கூட இல்லை. சாப்பாட்டுத் தட்டில் பல்லியைப் பார்த்தவரின் முகம் அது.

"எல்லாம் மாறித்தான் வரும்னா" என்று படத்தின் மூலையில் விரலை வைத்தார், "உங்க பேரு மட்டும் எப்படி நேரா இருக்கு?"

"அதை மட்டும் திருப்பிப் போட்டு செதுக்கினேன் சார்."

"ஓ. அதை மட்டும்."

"ஆமா சார்."

"அப்போ இது இந்தாள்தான். நீங்க எதிர்ல உக்காந்து பார்த்தீங்க. ஹெல்மெட் இல்ல, பெல்ட் ஓடுது."

ஜெரால்டுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது.

சுவரோரத்திலிருந்து தெய்வசிகாமணி பேசினார். குரல் உயரவில்லை. "பெல்ட்டு நின்னுகினு இருந்துச்சு சார். ரோலர் மாத்திகினு இருந்தாங்க, நீங்க கேட்டுப் பாருங்க. ஹெல்மெட்டு தலையிலதான் இருந்துச்சு. சாருதான் கழட்டச் சொன்னாரு. துண்டு கட்டச் சொன்னதும் அவருதான். சொல்லுங்க சார்."

எல்லோரும் ஜெரால்டைப் பார்த்தார்கள்.

இப்போதும் வழி இருந்தது. ஆமாம், நான்தான் கழற்றச் சொன்னேன், ஓடுகிற கோடுகளை நான்தான் சேர்த்தேன் என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் 'நேரில் கண்டது' என்ன ஆகும்? இலக்கணம் பேசிய வாய் அடுத்த நிமிடமே பொய்யென்று ஒப்புக்கொள்வதா, அதுவும் ராயப்பனின் முன்னால்? ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னது பெர்மனென்ட் ஆள் என்று கோப்பில் ஏறினால் அது எங்கே போய் நிற்கும்?

"ஞாபகம் இல்ல சார்" என்றான்.

மச்சத்தில் இருந்த ஒற்றை முடி ஞாபகம் இருந்தவனுக்கு, தலையில் இருந்த ஹெல்மெட் ஞாபகம் இல்லை.

ராயப்பன் உடனே கட்சி மாறினார். அவருக்கு அது பழக்கம். "நான் தினமும் படிச்சுப் படிச்சு சொல்றேன் சார், ஹெல்மெட் போடாம வராதீங்கடான்னு. கேக்க மாட்டேன்றானுங்க. இவனை நான் இன்னியோட எடுத்துடறேன். எங்க பக்கத்துல தப்பு இல்ல."

தெய்வசிகாமணி யாரையும் திட்டவில்லை. ஜெரால்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தார். அதுதான் அவர் அதை முதல்முதலாகப் பார்ப்பது.

"மச்சத்தைக்கூட ஒழுங்காப் போடத் தெரியல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஜெரால்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "கற்பனைன்னு சொன்னேன், வினோ. நீ சொன்ன மாதிரியே சொன்னேன். ஆனா அங்க கலையைப் பத்தித் தெரியாத ஆளுங்க. பேச்சு வேற பக்கம் போயிடுச்சு."

வினோலியாவுக்கு விவரம் அதற்கு முன்பே வந்திருந்தது. டவுன்ஷிப்பில் செய்தி கம்பெனி பஸ்ஸைவிட முன்னால் வந்து சேரும். அவள் கரண்டியை எடுத்து, புளி போட்டு, சாம்பல் போட்டு, வெள்ளையாகத் தேய்த்தாள். ஹாட் பேக்கைத் திறந்து அதற்குள் வைத்து மூடினாள். அதைத் தூக்கி அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தாள்.

"உங்க பரிசும் என் கையும் ஒண்ணாவே இருக்கட்டும்" என்றாள். "ரெண்டையும் எடுக்காதீங்க."

ஜெரால்டு மிச்சப் படங்களைத் தானே அச்செடுத்துப் பார்த்தான். மை திட்டுத்திட்டாக அப்பியது. வேறொரு கரண்டியால் தேய்த்தான். கொஞ்ச நேரத்திலேயே தோள் வலித்தது, கையை மாற்றினான், காகிதம் நகர்ந்துவிட்டது. உரித்துப் பார்த்தால் ஒரு முகத்துக்கு இரண்டு முகம், ஒரு பெயருக்கு இரண்டு பெயர். அதற்கும் அவன் அசரவில்லை. புது பாணி என்று கடிதம் எழுதிச் சென்னைக்கு அனுப்பினான். அவர்களும் மாட்டினார்கள்.

தெய்வசிகாமணிக்குச் சுரங்க பாஸ் திரும்பக் கிடைக்கவில்லை. சீனியாரிட்டியும் போயிற்று. எங்கெங்கோ அலைந்து கடைசியில் டவுன்ஷிப்பில் குப்பை அள்ளும் வேறொரு காண்ட்ராக்டில் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த தெருக்களில் ஜெரால்டு குடியிருந்த தெருவும் ஒன்று. காலையில் தள்ளுவண்டியோடு வந்து விசில் ஊதுவார். வினோலியா வாளியைக் கொண்டுவந்து தானே வண்டியில் கொட்டுவாள். அவர் கையில் கொடுப்பதில்லை. "சாமியம்மா எப்படி இருக்கா?" என்பாள். "இருக்கறாக்கா" என்பார். அவ்வளவுதான்.

மார்கழிப் பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலை. வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. வண்டியின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி, உடம்பை வளைத்துக் குப்பையை அமுக்கிக்கொண்டிருந்தார் தெய்வசிகாமணி. ஜன்னல் வழியாகப் பார்த்த ஜெரால்டுக்கு விரல்கள் துறுதுறுத்தன. வேலை போன தொழிலாளி, விடியற்காலை, குப்பை. அடுத்த பரிசு வாசலில் வந்து நின்று விசில் ஊதுகிறது.

ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். வாளியோடு வந்த வினோலியா அப்படியே நின்றாள்.

"தெய்வம்" என்றான் ஜெரால்டு. போன வருஷம் எதுவுமே நடக்காதது போலக் குரலில் அன்பு வழிந்தது. "அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. இந்த வெளிச்சம் போயிடும். இந்த தடவை உங்களுக்காகப் போடறேன். உங்களுக்கு நடந்த அநியாயத்தை உலகத்துக்குச் சொல்லப்போறேன்."

தெய்வசிகாமணி நிமிர்ந்தார். ஜெரால்டின் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தார். பிறகு சாவகாசமாக, வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், முழுசாகத் திரும்பி நின்றார்.

"முதுகை வரைஞ்சிக்குங்க சார்" என்றார். "அதுல மச்சம் கிடையாது."